காடு திருத்தியவன் யார்?

காட்டைத் திருத்தினான், கல்லைப் பிளந்தான், கடுங்குளிரைத் தாங்கினான், கடைசியில் தன் நிலத்திலே தலைநிமிர்ந்து நின்றான் என்று முடியும் நாவல்களுக்கு உலகெங்கும் தனி மதிப்பு உண்டு. உழைப்பின் மாண்பைப் பாடும் நூல்கள் என்று அவற்றைப் போற்றுவர். நாமும் போற்றத்தான் புறப்பட்டோம். போற்றிக்கொண்டிருந்த வாய் பாதிவழியில் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டது. அந்தக் கேள்வியைத்தான் தோழர்கள்முன் வைக்கிறோம்.

நெமிலிச்சேரியில் நண்பர்கள் ஒன்பதுபேர் கூடி மாதம் ஒரு நாவல் படித்து வருகிறோம். மன்றம் என்று பெயர் சூட்டவில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற பதவிகளும் இல்லை. ஆகவே சண்டையும் குறைவு. ஆவடியிலே கடைசல் எந்திரம் ஓட்டும் தோழர் ஒருவர், பூவிருந்தவல்லியிலே செவிலியராயுள்ள தோழியர் ஒருவர், வீட்டுமனைத் தரகர் ஒருவர் (ஆம், தரகர்தாம்; ஆனால் எங்களுள் மிகக் கூர்மையான வாசகர் அவரே), ஆசிரியத் தொழிலில் உள்ள இருவர், பட்டாபிராமிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் மின்ரயிலில் வந்து சேரும் நால்வர். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் படிப்பகத்திலும் ஒருவர் உரக்கப் படிக்க ஊரே கேட்டு வளர்ந்தது நம் இயக்கம். அந்தப் பழக்கத்தின் ஒரு சிறு துளி என்று எங்களைச் சொல்லிக்கொள்வதிலே எமக்குப் பெருமைதான்.

ஆறு மாதத்துக்கு ஒரு பொருள் என்பது எங்கள் ஏற்பாடு. இம்முறை சீட்டுக் குலுக்கியதில் வந்த பொருள், மனிதக் குடியிருப்பின் விளிம்பிலே, காடும் ஊரும் சந்திக்கும் இடத்திலே, புதிதாய்க் குடியேறுவோர் படும் துன்பம். "இதற்கு நூல் எதற்கு? வெளிவட்டச் சாலை வந்தபின் நம் ஊரைச் சுற்றிக் குடியேறியவர்களைக் கேட்டால் போதாதா? சாலை வந்தது, மனை வந்தது, வீடு வந்தது, குடிதண்ணீர் மட்டும் வரவில்லை" என்றார் தரகர். மனையை விற்றவரே அவர்தாம் என்பதால் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது.

முதலில் எடுத்தது 'நிலவளம்'. நார்வே நாட்டு எழுத்தாளர் நட் ஹாம்சன் 1917இல் எழுதியது, 1920இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமாய் இருந்தது, க. நா. சுப்ரமண்யம் தமிழாக்கியது. ஐசக் என்னும் ஒருவன், முன்பின் சொல்லப்படாதவன், வடநாட்டு வனாந்தரத்திலே தன்னந்தனியாய் நடந்து வந்து ஓரிடத்திலே நின்று, இதுவே நம் இடம் என்று முடிவு செய்கிறான். ஆடு வருகிறது, பிறகு இங்கர் என்னும் பெண் வருகிறாள், மாடு வருகிறது, குடிசை வீடாகிறது, வீடு பண்ணையாகிறது. கதை அவ்வளவே.

அழகான நூல். இதை மறைத்துப் பேசினால் நாம் நேர்மையற்ற திறனாய்வாளர் ஆவோம். அறுவடை எந்திரம் ஒன்றை ஐசக் வாங்கி வருகிறான். எப்படி இயக்குவது என்று அச்சிட்ட தாள் உடன் இருக்கிறது. அவனுக்குப் படிக்கத் தெரியாது. தெரியாது என்று மகன்முன் ஒப்புக்கொள்ள மானம் இடங்கொடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை மறந்து வந்துவிட்டதாக ஒரு சாக்குச் சொல்கிறான். மகன் படித்துச் சொல்கிறான். இப்பகுதியைப் படித்தபோது ஆசிரியர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தேர்ச்சி அட்டையிலே கையொப்பமிட வரும் தந்தைமாரில் இந்தக் 'கண்ணாடி மறந்த' தந்தையை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அவரது நாணத்தை இத்தனை பரிவோடு எழுதியவன் மனித நெஞ்சம் அறிந்தவன் என்பதிலே ஐயமில்லை.

ஆனால் அதே நூலிலே முயல் ஒன்று வருகிறது.

இங்கருக்கு உதடு பிளந்திருக்கிறது. அந்தக் குறையால் ஊரிலே எள்ளப்பட்டவள். அதனால்தான் யாரும் நாடாத காட்டுக்கு வந்து ஐசக்கோடு வாழ்கிறாள். அவள் கருவுற்றிருக்கும்போது, லாப்பியன் ஒருவன் செத்த முயலைக் கொண்டுவந்து காட்டிவிடுகிறான். முயலைக் கண்ட தாய்க்கு முயலுதட்டுக் குழந்தை பிறக்கும் என்பது அந்நாட்டு நம்பிக்கை. பிறந்த பெண் குழந்தையின் உதடு பிளந்தே இருக்கிறது. தான் பட்டதை இவளும் படவேண்டாம் என்று தாயே அதன் கழுத்தை நெரித்துவிடுகிறாள். சிறை செல்கிறாள். சிறை இருந்த நகரிலே மருத்துவர்கள் அவள் உதட்டை அறுவை செய்து சீராக்குகிறார்கள்! முயல் கெடுத்ததாகச் சொன்னதைக் கத்தியும் ஊசியும் நூலும் திருத்திவிட்டன.

"இது நார்வேக் கதையா, நம் ஊர்க் கதையா?" என்று கேட்டார் செவிலித் தோழியர். கேட்டவர் நிறுத்தவில்லை. 2019 டிசம்பர் 26 அன்று சூரிய கிரகணம் வந்ததே, அன்று எத்தனை கருவுற்ற பெண்களைச் சன்னல் அடைத்த அறையிலே, நீரும் சோறும் கொடாமல், காய்கூட நறுக்கவிடாமல் அடைத்து வைத்தார்கள் என்று அடுக்கினார். கிரகணத்திலே வெளியே வந்தால் உதடு பிளந்த பிள்ளை பிறக்குமாம். அங்கே முயல், இங்கே இராகு. கருவிலே உதடு உருவாகிச் சேர்வது ஏறத்தாழ நான்காம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள். தாய்க்கே தான் கருவுற்றது உறுதியாகத் தெரியாத நாட்கள் அவை. ஆறாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் வரும் கிரகணம், சேர்ந்துவிட்ட உதட்டை எப்படிப் பிளக்கும்? மரபணுவும், தாயின் நோயும், சில மருந்துகளும், புகையும், ஊட்டக்குறைவும் காரணமாகலாம் என்கிறது மருத்துவம். இங்கருக்கே பிளந்த உதடு இருக்கையில் மகளின் உதட்டுக்குக் காரணம் தேட முயலிடம் போவானேன்? கிரகண நேரத்திலே பலர் கூடி உண்டு காட்டும் நம் பகுத்தறிவாளர் கூட்டங்களைக் கேலி செய்வோர், இங்கரின் அந்தக் குழந்தையை ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும்.

ஹாம்சன் மூடநம்பிக்கையைப் பரப்பினார் என்று நாம் குற்றம் சாட்டவில்லை. அதன் விளைவைக் காட்டினார், காட்டியதோடு நின்றார். நம் குற்றச்சாட்டு வேறு. அந்த முயலைக் கொண்டுவந்தவன் யார்? லாப்பியன். சாமி இனத்தவன். அந்த வனாந்தரத்திலே ஐசக்குக்கு முன்பே கலைமான் மேய்த்துத் திரிந்தவன். இந்நூலிலே அந்த இனத்தார் வருவதெல்லாம் பிச்சை கேட்க, ஒட்டுக்கேட்க, கோள் மூட்ட, கெட்டது கொண்டுவர. பண்ணைக்காரனின் வியர்வையைப் பக்கம் பக்கமாய்ப் பாடும் பேனா, மேய்ப்பவனிடம் வந்ததும் முகஞ்சுளிக்கிறது. ஐசக் யாருமற்ற நிலத்திலே நின்றான் என்று நம்பிப் படித்தோம். திருப்பிப் படித்தபோது, யாரும் இல்லை என்று சொன்னதே நூலாசிரியர்தாம் என்று புரிந்தது.

இந்த மனப்பான்மை எங்கே போய் முடிந்தது என்பதும் வரலாற்றிலே இருக்கிறது. தனக்குக் கிடைத்த நோபல் பதக்கத்தை 1943இல் கோயபெல்சுக்கு அனுப்பிக் கொடுத்தார் ஹாம்சன். 1945இல் இட்லர் மாண்டபோது புகழாரம் சூட்டி எழுதினார். கடைசல் தோழர் கொதித்துவிட்டார். "இந்த நூலை நம் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும்" என்றார்.

அடிக்கக்கூடாது என்பதே நம் முடிவு. எளிதிலே எட்டிய முடிவன்று. அதே 1943இல் இங்கே, கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்துவதுபற்றி அறிஞர் அண்ணா, ரா. பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையேறி வழக்காடினார். 'தீ பரவட்டும்' என்னும் நூலாய் அது வந்தது. அவ்வழக்கைப் படிப்போர் ஒன்றைக் காண்பர்: எதிர்த்த நூலை அண்ணா எத்தனை ஊன்றிப் படித்திருந்தார் என்பதை. பெரியாரும் இராமாயணத்தை வரிவரியாய்ப் படித்தே அதன் பாத்திரங்களைக் கூண்டிலேற்றினார். படியாமல் பழித்தவர்கள் அல்லர் நம் முன்னோடிகள். ஆகவே 'நிலவளம்' படிக்கத்தான் வேண்டும். ஐசக்கைப் படிக்கும் அதே கண்ணால் முயல் கொண்டுவந்தவனையும் படிக்கவேண்டும். கடைசல் தோழர் இன்னும் உடன்படவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.

அடுத்து, அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர் 1935இல் வெளியிட்ட, புல்வெளிச் சிறுவீட்டுக் கதை. சிறுவர் நூல் என்பதால் விரைந்து படித்துவிட்டோம், விரைந்தே சொல்லிவிடுகிறோம். கன்சாஸ் புல்வெளியிலே ஒரு குடும்பம் வண்டியோடு வந்திறங்கி வீடு கட்டுகிறது. அந்நிலம் ஓசேஜ் பழங்குடியினருக்கு உரியது. முதற்பதிப்பிலே, அங்கே மக்களே இல்லை, செவ்விந்தியர் மட்டுமே இருந்தனர் என்னும் பொருளில் ஒரு வரி இருந்தது. அப்படியானால் அவர்கள் மக்கள் அல்லரா என்று யாரோ கேட்கவே, 1953இல் 'மக்கள்' என்ற சொல் 'குடியேறியோர்' என மாற்றப்பட்டது. பதினெட்டு ஆண்டு! ஒரு சொல்லிலே ஓர் இனத்தையே மக்கட் கணக்கிலிருந்து நீக்கியது, அத்தனை காலம் அச்சுக்கோத்தவர் கண்ணிலும் படவில்லை. படித்த ஆசிரியர் கண்ணிலும் படவில்லை. 2018இல், அவர் பெயரால் வழங்கிவந்த சிறுவர் இலக்கிய விருதின் பெயரையே அந்நாட்டு நூலகர்கள் மாற்றிவிட்டனர்.

இந்த நூல்களுக்கெல்லாம் பின்னே ஒரு சட்டம் நிற்கிறது. 1862இல் அமெரிக்காவிலே குடியேற்றநிலச் சட்டம் இயற்றப்பட்டது. சிறு கட்டணம் செலுத்தி, ஐந்தாண்டு தங்கி உழுதால், 160 ஏக்கர் நிலம் சொந்தம். பழங்குடியினரிடம் பறித்த நிலம் அது என்பதை மறவாமலே இதையும் காண்போம்: உழுதவனுக்கு உரிமை என்று ஏட்டிலாவது எழுதினார்கள். அதற்கு மூன்றாண்டு முன்பு, 1859இல், நம் நாட்டிலே வெள்ளை அரசு இயற்றிய சட்டம் என்ன? வேலை ஒப்பந்த மீறல் சட்டம். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டு ஓடினால் குற்றவாளி, சிறை. அங்கே காட்டுக்குப் போனவனுக்கு நிலம்; இங்கே காட்டிலிருந்து போனவனுக்குக் காவற்கூடம். அங்கே ஐசக்குகளும் இங்கல்ஸ்களும் காவியத் தலைவர்கள் ஆனதும், இங்கே நம்மவர் 'கூலி' என்ற ஒற்றைச் சொல்லிலே அடங்கியதும் வீரக்குறைவாலா? கடப்பாரை பிடித்த கை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சட்டம் வேறு.

"வெளிநாட்டுச் சட்டமெல்லாம் இருக்கட்டும், நம் ஊரிலேயே ஐசக் ஒருவன் இருந்திருந்தால்?" என்று தரகர் கேட்டபோதுதான் அன்றைய கூட்டம் வேறு திசைக்குத் திரும்பியது.

நெமிலிச்சேரியும் சுற்றூர்களும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பிரிந்தது. அந்தச் செங்கற்பட்டிலே மிராசு முறை கோலோச்சியது. ஊரின் விளைநிலம் மட்டுமன்று, உழப்படாத தரிசின்மீதும் மிராசுதாருக்கே முன்னுரிமை. அதாவது, ஒரு பறையர் தம் மண்வெட்டியோடு தரிசு ஒன்றைத் திருத்தப் போய், நிலம் கேட்டு விண்ணப்பம் போட்டால், 'எனக்கு வேண்டும்' என்று மிராசுதார் ஒரு சொல் சொன்னால் போதும். அவரும் உழவேண்டியதில்லை, இவரை உழவிடாமல் தடுத்தால் போதும், அடிமையாள் கைவிட்டுப் போகமாட்டான். ஐசக் வந்து நின்றிருந்தால் மறுநாள் காலை மணியக்காரர் வந்து நின்றிருப்பார். நாவல் இரண்டாம் பக்கத்திலேயே முடிந்திருக்கும்!

இதைக் கண்டு எழுதியவர் அம்மாவட்ட ஆட்சியராயிருந்த டிரெமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர். 1891இல் அவர் அளித்த அறிக்கையின் விளைவாக, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. பத்தாண்டு விற்கக்கூடாது; பிறகு விற்றாலும் அம்மக்களுக்குள்ளேயே விற்கவேண்டும் என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது இதையே. மாகாணமெங்கும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் ஒப்படைக்கப்பட்டதாகக் கணக்கு. அது எங்கே? நிபந்தனை ஏட்டிலே இருக்க, நிலம் எத்தனையோ கைகளுக்குப் போய்விட்டது. காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிப் போராடியவர்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டிலே காவல்துறை சுட்டது, இருவர் மாண்டனர்.

தரகர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, மனை வாங்குவோர் பட்டா பார்க்கிறார்கள், சிட்டா பார்க்கிறார்கள், வில்லங்கச் சான்று பார்க்கிறார்கள். 'அ' பதிவேட்டின் பழைய பக்கத்திலே நிபந்தனை ஒப்படை என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பவர் நூற்றில் ஒருவர்தாம் என்றார். "நீங்கள் பார்த்துச் சொல்வதுண்டா?" என்று கேட்டோம். "கேட்டால் சொல்வேன்" என்றார். சற்றுக் கழித்து, "இனிக் கேளாமலும் சொல்லலாம்" என்றார். எங்கள் ஊர்ப்பெயரிலேயே 'சேரி' இருக்கிறது. மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதே அச்சொல்லின் பழம்பொருள்; அதை ஊருக்கு வெளியே தள்ளி இழிசொல்லாக்கியது பின்னாளைய வேலை. சேரியிலிருந்து நிலம் தேடிப் புறப்பட்டவர்களின் கதையைத் தமிழிலே தேடியபோதுதான், அவர்கள் போன இடம் கழனியன்று, தேயிலைக் காடு என்று தெரிந்தது.

அவ்வாறு மூன்றாம் நூலாக வந்தது 'எரியும் பனிக்காடு'. ஆனைமலைத் தோட்டங்களிலே மருத்துவராய்ப் பணியாற்றிப் பின்னர்த் தொழிற்சங்கமும் கட்டிய பி. எச். டேனியல், 1969இல் ஆங்கிலத்திலே எழுதியது, இரா. முருகவேள் தமிழாக்கி 2007இல் வந்தது. முப்பத்தெட்டு ஆண்டு கழித்தே அந்தக் கதை அதன் மாந்தரின் மொழிக்கு வந்து சேர்ந்தது! நெல்லைச் சீமையின் சிற்றூரிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் சொல்லை நம்பி, முன்பணம் பெற்று, வால்பாறை மலைக்கு ஏறுகிறார்கள். மலையிலே மழை, அட்டை, குளிர், காய்ச்சல், சாவு. ஆண்டு முடிவிலே கணக்கு முடிக்கும் நாள் வருகிறது. அரிசிக்கு இவ்வளவு, கம்பளிக்கு இவ்வளவு, மேஸ்திரிக்கு இவ்வளவு என்று கழித்துக் கழித்து, உழைத்தவன் கையிலே மிஞ்சுவது கடன். கடன் தீரும்வரை இறங்கமுடியாது. இறங்கமுடியாதவரை கடன் தீராது.

'நிலவளம்' நூலிலே ஒவ்வோர் ஆண்டும் ஐசக்கின் பண்ணையிலே ஏதோ ஒன்று கூடுகிறது. இந்நூலிலே ஒவ்வோர் ஆண்டும் கருப்பனைச் சுற்றியிருந்தவர்களில் யாரோ ஒருவர் குறைகிறார். இரண்டு நூலையும் அடுத்தடுத்துப் படித்தவர்க்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. வெறுங்காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கியவர் கருப்பனும் அவரைப் போன்ற பல்லாயிரவருமே; ஆனால் தோட்டங்களுக்குப் பெயர் வைத்தவர் வேறு, பத்திரம் எழுதிக்கொண்டவர் வேறு. இன்றும் வால்பாறைக்குச் சுற்றுலாச் செல்வோர் பசுமையைப் படம் பிடித்து வருகிறார்கள். பிடிப்பவர்களைக் குறை சொல்லவில்லை, பசுமைதான்.

நூலின் குறையையும் சொல்லவேண்டும். கலையென்று நோக்கினால் ஹாம்சனுக்கு டேனியல் நிகரல்லர். கருப்பனும் வள்ளியும் பெரும்பகுதி நல்லவர்களாகவே, நொந்தவர்களாகவே இருக்கிறார்கள். ஐசக்கிடம் கஞ்சத்தனம் உண்டு, வீம்பு உண்டு, பொய்யாய்க் கண்ணாடி மறக்கும் நாணம் உண்டு. ஆகவே அவன் நம்மோடு வந்து உட்கார்ந்துகொள்கிறான். கருப்பனுக்கு அந்தச் சிறுமைகளை ஆசிரியர் கொடுக்கவில்லை. ஒடுக்கப்பட்டவனைக் குறையற்றவனாக எழுதுவது இரக்கத்தால் நேர்வது. இரக்கம் தூரத்திலிருந்து பார்க்கும் கண். தீயவரும் முழுத் தீயவர். மருத்துவர் அறிந்த நோய்களெல்லாம் துல்லியமாய் வருகின்றன; மாந்தரின் நெஞ்சம் அத்துணைத் துல்லியமாய் வரவில்லை. ஆனால் ஒன்று: அந்தக் கணக்கு முடிக்கும் நாளை எழுத எந்த நோபல் பரிசாளரும் முன்வரவில்லை. டேனியல் எழுதினார். 2013இல் இதைத் தழுவிப் 'பரதேசி' என்னும் படமும் வந்தது. நாவலின் மருத்துவர் தொழிலாளருக்காகத் துரைகளோடு மோதுகிறவர். படத்தின் மருத்துவர் ஆடிப்பாடி மதம் பரப்புகிறவர். மருந்தை எடுத்துவிட்டு மதத்தை வைத்தது ஏன் என்று படம் எடுத்தவர்கள்தாம் சொல்லவேண்டும்.

இந்நூலைப் பேசிய மாலையிலேதான், 'நிலவளம்' நூலை அடித்துவிடச் சொன்ன கடைசல் தோழர் வழக்கத்துக்கு மாறாய் வாய் திறவாமல் இருந்தார். அவர் நெல்லைப் பக்கத்தவர். ஏனென்று கேட்டோம். "எங்கள் பூட்டனார் மேஸ்திரி" என்றார்.

வீட்டிலே அவரைப்பற்றி எப்படிப் பேசுவார்கள் என்பதையும் சொன்னார். பஞ்சத்திலே ஊரே வாடியபோது நூறுபேருக்கு வேலை வாங்கிக் கொடுத்த வள்ளல் என்பார்களாம். ஓட்டுவீடு அவர் கட்டியது. அந்த வீட்டுப் பரணிலே ஒரு கணக்கேடு இருக்கிறது; சிறுவயதிலே எடுத்துப் பார்த்திருக்கிறார். பெயர், தொகை, பெயர், தொகை. பக்கத்துக்குப் பக்கம் பெருவிரல் ரேகை. சில பெயர்களுக்கு எதிரே ஒரு கோடு மட்டும் கிழித்திருக்குமாம். அந்தக் கோடு என்னவென்று அப்போது தெரியாது. "இந்த நூலைப் படித்தபிறகு தெரிகிறது" என்றார். ஓடிப் போனவனா, செத்துப் போனவனா, இரண்டுக்கும் ஒரே கோடுதானா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை என்றார்.

நாங்கள் ஆறுதல் சொல்லவில்லை, பழிக்கவுமில்லை. பாட்டன் செய்ததற்குப் பேரனைக் குற்றவாளியாக்குவது பிறவிப்பாவம் பேசுவோர் வேலை, நம் வேலையன்று. ஆனால் ஒன்று உறைத்தது. மேஸ்திரி வெள்ளையனல்லன். இலங்கையிலே கங்காணி என்றும், ஆனைமலையிலே மேஸ்திரி என்றும் பெயர் பெற்றவன் நம்மவன். பெரும்பாலும் சாதியடுக்கிலே கூலியைவிட ஒரு படியேனும் மேலே நின்றவன். இலங்கைத் தோட்டங்களிலே லயத்து அறைகளையும் சாதிவாரியாய்ப் பிரித்தார்கள் என்பது வரலாறு. கடல் தாண்டினால் சாதி கெடும் என்றது சாத்திரம். கடல் தாண்டியும் கெடாமல் சாதியைக் காத்துக் கொடுத்தது கங்காணி முறை. மலையேறியவர்கள் மாரியம்மனையும் உடன் கொண்டுபோனார்கள். அவள் காய்ச்சலையும் தடுக்கவில்லை, கணக்கையும் திருத்தவில்லை. ஐசக்குக்குக் குளிர் ஒன்றே பகை. கருப்பனுக்குக் குளிர், துரை, மேஸ்திரி, சாதி, தலைவிதி என்று தன் நெஞ்சிலேயே ஊன்றப்பட்ட எண்ணம், இத்தனையும் பகை. இவற்றோடு போராடியவனை வீரன் என்னாமல் பாவம் என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம்.

புதுமைப்பித்தன் 1935இலேயே 'துன்பக்கேணி'யிலே இந்தப் பாதையைத் திறந்தார் என்பதை நன்றியோடு நினைக்கவேண்டும். வாசவன்பட்டி மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே படும் பாட்டைப் படித்தவர் எளிதிலே மறவார். குறுநாவல் அளவே ஆனதால் எங்கள் பட்டியலிலே தனி மாதம் பெறவில்லை. ஒரே மாலையிலே உரக்கப் படித்து முடித்தோம். பாதியிலே மின்சாரம் போய், எஞ்சியதைக் கைப்பேசி வெளிச்சத்திலே படித்தோம். படித்து முடித்தபின் ஒருவரும் எழவில்லை.

வரும் மாதம் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'. இலங்கை மலையகத் தமிழரின் வாழ்வைச் சொல்லும் இந்நாவல் வந்தது 1964இல். அதே ஆண்டு அக்டோபரிலே சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர்: 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்ட மலையகத்தாரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப்பற்றிப் பிறகு பேசுவதென்றும். தேயிலை மூட்டைகளைப் பங்கிடுவதுபோல! காட்டைத் திருத்தி ஒரு நாட்டின் செல்வத்தையே வளர்த்தவர்களிடம், நீங்கள் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டவர்கள் எவரும், எந்த நாட்டுக்காரராய் இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்கவில்லை. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை தரவே 1968இல் நீலகிரியிலே அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கிற்று. மறுபடியும் காடு, மறுபடியும் தேயிலை.

நூல் இரண்டு படிதான் கிடைத்திருக்கிறது. ஆகையால் வாரந்தோறும் கூடி உரக்கப் படிப்பதென்று முடிவு. அன்று பேச்சைத் தொடங்கி வைக்கத் தாமே முன்வந்திருக்கிறார் கடைசல் தோழர். பொங்கல் விடுப்புக்கு ஊருக்குப் போனவர், பரணிலிருந்து அந்தக் கணக்கேட்டை எடுத்து வந்துவிட்டார். பூச்சி அரித்ததுபோக நாற்பது பக்கம் தேறும் போலிருக்கிறது. முதலில் அதிலுள்ள பெயர்களை ஒருவர் படிக்கவேண்டும், பிறகே நாவல் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.